கையெழுத்துப் போடுவதற்கு முன்: மருத்துவமனையில் நோயாளியின் உரிமைகள்

ஒருவரை மருத்துவமனையில் சேர்த்த அரை மணி நேரத்துக்குள் மூன்று நான்கு இடங்களில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அட்மிஷன் படிவம், சிகிச்சைக்கான பொது ஒப்புதல், பணம் கட்டுவதற்கான உறுதிமொழி, காப்பீடு இருந்தால் அதற்கு இன்னொன்று. நோயாளி வலியில் இருப்பார், கூட வந்தவர் பதற்றத்தில் இருப்பார். எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று மறுநாள் கேட்டால் இருவருக்குமே தெரியாது. நோயாளி உரிமை தொடர்பான பெரும்பாலான தகராறுகளுக்கு விதை இந்த அரை மணி நேரத்தில்தான் விழுகிறது.

இந்தியாவில் நாடு முழுமைக்கும் பொருந்தும் ‘நோயாளி உரிமைச் சட்டம்’ என்று ஒரே சட்டம் கிடையாது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் 17 உரிமைகள் கொண்ட ஒரு சாசனத்தைத் தயாரித்தது. மத்திய சுகாதார அமைச்சகம் அதன் அடிப்படையில் ஒரு பட்டியலை மாநிலங்களுக்கு அனுப்பி, நடைமுறைப்படுத்தச் சொன்னது. சில மருத்துவமனைகளின் வரவேற்பறைச் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பது இதைத்தான். ஆனால் சாசனம் மட்டுமே சட்டம் ஆகிவிடாது. அதில் உள்ள முக்கியமான உரிமைகளுக்கு வேர் வேறு இடங்களில் இருக்கிறது: உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், மருத்துவர்களின் நடத்தை நெறிகளைச் சொல்லும் 2002ஆம் ஆண்டு விதிகள், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் என்று. கவுன்ட்டரில் நின்று “எனக்கு உரிமை இருக்கிறது” என்று குரலை உயர்த்துவதைவிட, “2002 விதிகளில் 1.3.2இன்படி கேட்கிறேன்” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நன்றாக வேலை செய்யும். அதனால்தான் இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு உரிமையோடும் அதன் வேரையும் சேர்த்தே சொல்கிறோம்.

அவசர சிகிச்சை: முதலில் உயிர், பிறகு போலீஸ்

விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுபோனால் “இது போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்க” என்று திருப்பி அனுப்பும் பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. 1989இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிரைக் காப்பாற்றுவதே முதல் கடமை, போலீஸ் நடைமுறைகள் அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது. ஸ்கூட்டரில் சென்று அடிபட்ட ஒருவரை, சட்டச் சிக்கலுள்ள வழக்குகளைத் தாங்கள் பார்ப்பதில்லை என்று ஒரு மருத்துவமனை சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொன்றுக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்துபோனார். அந்தப் பத்திரிகைச் செய்தியே வழக்கானது. பிறகு 1996இல், ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயத் தொழிலாளியை மேற்கு வங்கத்தில் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒன்று மாற்றி ஒன்றாக அரசு மருத்துவமனைகள் கைவிரித்த வழக்கில், உரிய நேரத்தில் அவசர சிகிச்சை தர மறுப்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவது என்று நீதிமன்றம் சொல்லி, இழப்பீடும் கொடுக்க வைத்தது.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். நோயாளியின் நிலையை ஆபத்திலிருந்து மீட்டு நிலைப்படுத்தும் வரை மருத்துவமனை பார்த்தாக வேண்டும். அதற்கு முன்பணம் கட்டினால்தான் தொடுவோம் என்று சொல்லக் கூடாது. ஆனால் தனியார் மருத்துவமனையில் அந்தச் சிகிச்சை இலவசம் என்று இதற்குப் பொருள் இல்லை. பில் பின்னால் வரும். நிலைப்படுத்திய பிறகு வேறு இடத்துக்கு அனுப்பினால், என்ன செய்தோம், என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று எழுதிய பரிந்துரைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் போனால் அடுத்த மருத்துவமனையில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்; அங்கே போகும் நேரம் நோயாளியுடைய நேரம்.

தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை, நிர்ணயித்த வரம்பு வரை அரசே ஏற்கிறது. அடிபட்டவர் வெளி மாநிலத்தவராக இருந்தாலும் பொருந்தும். தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தவருக்கும் பாதுகாப்பு உண்டு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின்படி பெயர், விலாசம் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. பாலியல் வன்முறைக்கோ அமில வீச்சுக்கோ ஆளானவர்களுக்கு எந்த மருத்துவமனையும், தனியாரும் சேர்த்து, உடனடியாக இலவச சிகிச்சை தர வேண்டும். மறுப்பது தண்டனைக்குரிய குற்றம்.

ஒப்புதல்: தாளில் இருக்கும் கையெழுத்தும் மனதில் இருக்க வேண்டிய புரிதலும்

நோயாளி உரிமைகளில் அதிகம் மிதிபடுவது இதுதான். அறுவைச் சிகிச்சைக்கு முன் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த ஒப்புதல் செல்லுபடியாக என்ன வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரியாது, சில நேரம் படிவத்தை நீட்டுகிற ஊழியருக்கும்.

2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதற்கு நல்ல பாடம். நீடித்த உதிரப்போக்கோடு வந்த 44 வயதுப் பெண்ணை, உள்ளே கேமரா விட்டுப் பார்த்துக் காரணம் கண்டறிவதற்காக மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அறுவையில் குறை ஏதும் நீதிமன்றத்துக்குத் தெரியவில்லை. மருத்துவர் கெட்ட எண்ணத்தோடு செய்ததாகவும் அது சொல்லவில்லை. ஆனாலும் தீர்ப்பு மருத்துவருக்கு எதிராகவே வந்தது. பரிசோதிக்கக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது. ஓர் அறுவைக்குக் கொடுத்தது இன்னோர் அறுவைக்குப் பொருந்தாது. வயது வந்த, சுயநினைவு திரும்பிவிடக்கூடிய ஒருவருக்காக, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தாயே ஆனாலும் ஒப்புதல் தர முடியாது. பரிசோதனையின்போதே அறுவையும் தேவைப்படலாம் என்று மருத்துவர் நினைத்தால், இரண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே விளக்கி ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம் என்றும் அந்தத் தீர்ப்பு வழி சொல்கிறது.

அதே தீர்ப்பு, மருத்துவர் என்னென்ன சொல்லியாக வேண்டும் என்றும் வகுத்தது: என்ன செய்யப் போகிறோம், எதற்காக, அதனால் என்ன பலன், வேறு வழி ஏதாவது உண்டா, கணிசமான ஆபத்துகள் என்ன, மறுத்துவிட்டால் என்ன ஆகும். லட்சத்தில் ஒருவருக்கு வரும் அரிய சிக்கலையெல்லாம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த ஆறோடு நீங்களாகச் சேர்த்துக் கேட்க வேண்டியவை இரண்டு: கத்தியைப் பிடிக்கப் போவது யார், எந்த வகை மயக்க மருந்து. முதல் கேள்விக்குப் பெரிய மருத்துவமனைகளில் வரும் பதில் சில நேரம் ஆச்சரியம் தரும்; ஓ.பி.யில் பார்த்த டாக்டரே செய்வார் என்று நாமாகவே நினைத்துக்கொண்டிருப்போம்.

நடைமுறையில் எங்கே தவறுகிறது என்றால், படிவம் அச்சிட்ட ஆங்கிலத்தில் இருக்கும், அறுவையின் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும், ஸ்ட்ரெச்சரில் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பேனாவை நீட்டுவார்கள். அப்போதும் சில காரியங்கள் செய்யலாம். காலி இடம் இருந்தால் நிரப்பச் சொல்லுங்கள். நிரப்ப மறுத்தால் அங்கே ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கையெழுத்துக்குக் கீழே தேதியோடு மணியையும் எழுதுங்கள். முடிந்தால், “இடது கண்ணில் புரை நீக்கும் அறுவைக்கு மட்டும் ஒப்புதல் தருகிறேன். டாக்டர் தமிழில் விளக்கினார்” என்பதுபோல் உங்கள் கையால் ஒரு வரி சேருங்கள். எந்தப் பக்கம் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். பிறகு செல்போனில் ஒரு படம்.

யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதிலும் குழப்பம் உண்டு. 18 வயது நிரம்பி, நினைவோடு இருப்பவர் தனக்குத் தானே போட வேண்டும். கணவன், மகன், அண்ணன் போடுவது ஊர் வழக்கம். குழந்தைக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர். நினைவில்லாத நிலையில் உயிருக்கு ஆபத்து என்றால், யாரும் பக்கத்தில் இல்லாவிட்டாலும் மருத்துவர் நல்லெண்ணத்தோடு சிகிச்சை செய்யலாம். சட்டம் அவரைக் காக்கிறது. கருக்கலைப்புக்கு, 18 வயது நிரம்பிய பெண்ணின் ஒப்புதல் மட்டுமே போதும் என்று சட்டமே சொல்கிறது. “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க” என்பதற்குச் சட்டத்தில் இடம் கிடையாது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கும் துணைவரின் ஒப்புதல் கட்டாயம் இல்லை. எச்.ஐ.வி. பரிசோதனைக்குத் தனி ஒப்புதல் வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம்.

ஒப்புதல் கொடுத்தவர் சிகிச்சை தொடங்கும் முன் அதைத் திரும்பப் பெறலாம். வேண்டாம் என்று மறுப்பதும் உரிமையே. அப்படி வெளியேறினால் ‘மருத்துவ ஆலோசனைக்கு எதிராக’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள், அதில் தவறில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி டிஸ்சார்ஜ் சம்மரியும் பரிசோதனை முடிவுகளும் தராமல் அனுப்புவது தவறு. இன்னொன்று, “எது நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல” என்ற வரி படிவத்தில் இருந்து நீங்கள் அதில் கையெழுத்தும் போட்டிருந்தாலும், கவனக்குறைவுக்காக வழக்குப் போடும் உரிமை போய்விடாது. அறுவையில் இயல்பாக உள்ள ஆபத்தைத்தான் நீங்கள் ஏற்கிறீர்கள், அலட்சியத்தை ஏற்கவில்லை.

ஆவணங்கள்: 72 மணி நேரம்

இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகளில் 1.3.1, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. 1.3.2, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்கச் சொல்கிறது. கவுன்சிலுக்குப் பதிலாக தேசிய மருத்துவ ஆணையம் வந்த பிறகு, 2023இல் புதிய விதிகள் அறிவித்து அதே மாதம் நிறுத்திவைத்தார்கள். ஆகவே 2002 விதிகளே நடைமுறையில் தொடர்ந்தன.

டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருந்தால் ஆவணம் எல்லாம் கிடைத்துவிட்டதாகப் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அது மருத்துவமனை எழுதிய சுருக்கம். என்ன நடந்தது என்பது கேஸ் ஷீட்டில்தான் இருக்கும்: தினசரிக் குறிப்புகள், செவிலியர் குறிப்பேடு, மருந்து கொடுத்த நேரங்கள், அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, ஒப்புதல் படிவங்கள், லேப் முடிவுகள், ஸ்கேன் படங்கள். எனவே விண்ணப்பத்தில் “எல்லா ரெக்கார்டும்” என்று பொதுவாக எழுதாமல் இவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நோயாளி பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, 1.3.2 என்ற விதி எண் ஆகியவை இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் சீல், தேதி, மணி போட்டு வாங்குங்கள். 72 மணி நேரம் அந்த மணியிலிருந்துதான் ஓடுகிறது. வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சலும் போடுங்கள். நகல் எடுக்கும் செலவை அவர்கள் கேட்கலாம்.

நோயாளி படுக்கையில் இருந்தால், மகனுக்கோ மகளுக்கோ அதிகாரம் தரும் ஒரு கடிதமும் அடையாள அட்டை நகலும் தேவை. “சொந்த மகன் கேட்கிறேன், கொடுக்க மாட்டீர்களா” என்று சண்டை போடுவதில் பயனில்லை. நோயாளியின் தகவலை அவர் அனுமதியின்றி யாருக்கும் தரக் கூடாது என்பதும் அவருடைய உரிமைதானே. அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கைகொடுக்கும்: கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள்.

கேட்பதில் தாமதிக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்குள், தகராறு எதுவும் இல்லாதபோதே வாங்கி வைத்தால் கேட்ட மாதிரி கிடைக்கும். வக்கீல் நோட்டீஸ் போன பிறகு அதே கோப்பைச் சில நேரம் ‘தேடிக்கொண்டு’ இருக்கிறார்கள்.

பணம்

சேரும்போதே உத்தேசச் செலவை எழுத்தில் கேளுங்கள். பேக்கேஜ் என்றால் எதெல்லாம் அதில் அடங்காது என்பதுதான் முக்கியமான கேள்வி. வழக்கமாக உடலுக்குள் வைக்கும் உபகரணமும், ஐ.சி.யூ.வில் கூடுதலாகத் தங்கும் நாட்களும் வெளியே நிற்கும். இடைக்காலப் பில்லை இரண்டு நாளுக்கு ஒருமுறை வாங்கிப் பார்ப்பது, கடைசி நாளில் பத்துப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு நிற்பதைவிட நல்லது. இறுதிப் பில் வரிவாரியாக இருக்க வேண்டும். மருந்துகளில் திருப்பிக் கொடுத்தவை கழிக்கப்பட்டனவா, எம்.ஆர்.பி.க்கு மேல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதயத்தில் வைக்கும் ஸ்டென்டுக்கு 2017 முதல் அரசு விலை உச்சவரம்பு உண்டு. அதன் பிராண்டு, தயாரிப்பாளர், பேட்ச் எண் ஆகியவற்றோடு பில்லில் தனியாகக் காட்ட வேண்டும்.

மருத்துவமனை மருந்துக்கடையில்தான் வாங்க வேண்டுமா? எங்கே வாங்குவது என்பது நோயாளியின் விருப்பம் என்று சாசனம் சொல்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் இதுபற்றிய பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு தழுவிய கட்டாய உத்தரவு எதுவும் போடாமல், கொள்கை வகுப்பதை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. எனவே இங்கே உங்கள் பிடி கொஞ்சம் தளர்வானதுதான். மருந்தின் பெயர் தெளிவாக எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கி, நாள்பட்ட மருந்துகளையாவது வெளியே வாங்கிக்கொள்ளலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மேல்பணம் கேட்டால், 1800 425 3993 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். கட்டிய பணத்துக்கு ரசீது இல்லாவிட்டால் புகார் நிற்காது; கூகுள் பே பதிவாவது இருக்கட்டும். தனிக் காப்பீட்டில் கேஷ்லெஸ் (காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறை) என்றால், மருத்துவமனை இறுதிக் கோரிக்கை அனுப்பிய 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவு. அதற்கு மேல் தாமதமானால், அதனால் ஏறும் கட்டணம் காப்பீட்டு நிறுவனத்தின் தலையில்.

பாக்கி இருக்கிறது என்று நோயாளியையோ இறந்தவரின் உடலையோ பிடித்துவைப்பதை சாசனம் தெளிவாக மறுக்கிறது. கடனை வசூலிக்க மருத்துவமனைக்கு உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. ஆளைப் பிடித்துவைத்தால் அது சட்டவிரோத அடைப்பு, 100க்கு அழைக்கலாம்.

எந்தக் கதவு எதைத் தரும்

புகார் கொடுப்பவர்கள் சோர்ந்துபோவதற்கு முக்கியக் காரணம், தவறான கதவைத் தட்டுவது. மருத்துவர் செய்த தவறுக்குத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இருக்கிறது. அது எச்சரிக்கலாம், பதிவை நிறுத்திவைக்கலாம். ஒரு ரூபாய் இழப்பீடு தராது, மருத்துவமனை நிர்வாகத்தின் மேல் அதற்கு அதிகாரமும் இல்லை. மருத்துவமனையின் வசதி, உரிமம், கட்டணப் பலகை சம்பந்தப்பட்டவை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் போக வேண்டும்; பேச்சு வழக்கில் ஜே.டி. ஆபீஸ். அரசு மருத்துவமனையில் நடந்தால் முதலில் அங்குள்ள நிலைய மருத்துவ அலுவலர், பிறகு கண்காணிப்பாளர் அல்லது டீன், 104க்கும் அழைக்கலாம். ஸ்ட்ரெச்சர் தள்ளவும் குழந்தையைக் காட்டவும் காசு கேட்டால் அது லஞ்சம். அதற்கு லஞ்ச ஒழிப்புத் துறை.

இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. எல்லாருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் இதில் வராது. சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் இடமென்றால், இலவசமாகப் பார்த்துக்கொண்டவரும் வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். கேட்கும் இழப்பீட்டை வைத்து இது முடிவாவதில்லை. கட்டியது 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். காலக்கெடு 2 ஆண்டுகள். ஆவணங்கள் 3 ஆண்டுதான் இருக்கும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிகிச்சை பலன் தராமல் போவதும் கவனக்குறைவும் ஒன்றல்ல. அந்தத் துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர் செய்திருக்க மாட்டாத தவறு நடந்ததா என்பதே நீதிமன்றம் கேட்கும் கேள்வி. வயிற்றுக்குள் பஞ்சை விட்டுத் தைத்ததுபோல் வெளிப்படையாகத் தெரிவதற்கு நிபுணர் கருத்து அவசியமில்லை. மற்றவற்றுக்கு அதே துறையில் உள்ள இன்னொரு மருத்துவரின் எழுத்துப்பூர்வமான கருத்து இல்லாமல் வழக்கு நொண்டும். குற்றவியல் வழக்கு இன்னும் கடினம்: தவறு மிக மோசமானதாக இருக்க வேண்டும், போலீசாரும் முதலில் சார்பற்ற மருத்துவக் கருத்தைப் பெற வேண்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. வார்டில் கைகலப்பில் இறங்கினாலோ நிலைமை தலைகீழாகிவிடும். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கும் மருத்துவமனைச் சொத்தைச் சேதப்படுத்துவதற்கும் 2008ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. புகார்தாரர் குற்றவாளியாகிவிட்டால், கையில் உள்ள 72 மணி நேர விண்ணப்பத்தை யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் கோப்பில், நடந்ததைத் தேதி வாரியாக ஒரே தாளில் எழுதி மேலே வையுங்கள். அடுத்து கேஸ் ஷீட் நகல், பில்கள், ரசீதுகள், சீல் போட்டு வாங்கிய விண்ணப்பம், பின்னர் வேறு இடத்தில் சிகிச்சை எடுத்திருந்தால் அந்த ஆவணங்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது செல்போனில் எடுத்த படம் இருந்தால் அதையும் அச்செடுத்துச் சேருங்கள். மருத்துவமனை தாக்கல் செய்யும் படிவத்தில் அன்று காலியாக இருந்த இடங்கள் நிரம்பியிருந்தால், அந்த ஒரு படம் பேசும்.